மேளம் கட்டிய ஞாயிறு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீணைக்காரர்கள் நடுவிலேயே கழிந்தது. கச்சேரிகள் எல்லாமே நன்றாக இருந்தன. ஆனால் மனதில் நிற்பது, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஆசாரி என் வீணைக்கு மேளம் கட்டியதுதான்; அதாவது, ஸ்வரங்களுக்கான உலோக மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுருதி சேர்த்தது. வெயிலில் மெழுகு இளகி, மூன்று வருஷமாக மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் சுருதி சேராமல் கிடந்த வீணை.

தேன்மெழுகில் கரித்தூள் கலந்து பிசைந்து, வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் மேல் பூசி, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்தார். அளவுகோல் கிடையாது, காதுதான். தந்தியை மீட்டுவார், மெட்டை மயிரிழை நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். அந்தர காந்தார ஸ்வரத்துக்கு மட்டும் பத்து நிமிஷம்!

அப்புறம் மதியம் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி அதிலேயே கல்யாணி ராகம் வாசித்தாள். பக்கவாட்டில் தாளத்துக்கென்று இருக்கும் தந்திகளும் சேர்ந்து ஒலித்தபோது கண் கலங்கிவிட்டது. அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போகவேண்டும். அது அம்மா வாசித்த வீணை.