வாரிசுத் துப்பாக்கி

2024 ஜனவரி 8, திங்கள்

அப்பாவின் துப்பாக்கிக்கு என் பெயரில் உரிமம் கேட்டு மனுவைக் கொடுத்தாயிற்று. படிவம் ஏ-1, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், டாக்டரிடம் வாங்கிய எஸ்-3 சான்று, அக்கா எழுதிக் கொடுத்த ஆட்சேபணையின்மைக் கடிதம். "நிலத்துக்குக்கூட இவ்வளவு யோசிச்சு நான் கையெழுத்துப் போடலையேடா" என்றாள்.

அப்பா காலமானதும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். 2016 ஆயுத விதிகளில் 25-வது விதி வாரிசுக்கு வழிவிடுகிறது. உரிமம் வைத்திருப்பவர் எழுபது வயதைத் தொட்டாலோ, 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தன. "நான் இருக்கையில உனக்கு எதுக்கு?" என்பார்.

பெரிய ஆயுதம் ஒன்றுமில்லை. ஒற்றைக்குழல், வாய் வழியாக மருந்து கிட்டிக்கிற ரகம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய உரிமம். ரவை போடாமல் வெறும் மருந்தைக் கிட்டித்து வெடிப்பார். சோளக்காட்டில் இறங்கிய பன்றிக் கூட்டம் அந்தச் சத்தத்துக்கே கரட்டில் ஏறிவிடும்.

பிப்ரவரி 14, புதன்

ஏட்டையா விசாரணைக்கு வந்தார். என் வீட்டுக்கு வருமுன் நேராகப் பங்காளி வீட்டுக்குப் போயிருக்கிறார். வரப்புத் தகராறில் எங்களுக்குள் பழைய சி.எஸ்.ஆர். புகார் ஒன்று உண்டு, அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

முதலில் சுருக்கென்றது. ஆனால் என் மாமன் மச்சானைக் கேட்டால் என்ன தெரிந்துவிடப் போகிறது? என்மேல் கோபமாக இருக்கிறவனைக் கேட்பதுதான் விசாரணை. வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர், அமைதி காக்க ஜாமீன் எழுதிக் கொடுத்து அதன் காலம் முடியாதவர், 21 வயது நிரம்பாதவர் எல்லாம் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 9-வது பிரிவு. இதெல்லாம் காகிதத்தில் தெரிந்துவிடும். குடிப்பாரா, வீட்டில் கை நீட்டுவாரா என்பது பக்கத்துக் காட்டுக்காரனுக்குத்தான் தெரியும்.

"கோவம் வரும், ஆனா வாயோட சரி" என்றானாம் பங்காளி. ஏட்டையா அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு இதைவிட நல்ல நற்சான்று கிடைக்காது.

மார்ச் 18, திங்கள்

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடியும்வரை ஒப்படைத்து வைக்க ஊரில் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என்னுடையது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது! ஜூன் வரை யாரையும் கேட்காதீர்கள் என்றார் ரைட்டர்.

ஜூன் 10, திங்கள்

தேர்தல் முடிந்தது. இப்போது தேவாங்கு குறுக்கே வந்திருக்கிறது.

2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 11,806 ஹெக்டேர். நாட்டிலேயே தேவாங்குக்கென்று வந்த முதல் சரணாலயம், பெருமைதான். ஆனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது ஆயுத உரிமம் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும். எங்கள் காடு அந்த வட்டத்துக்குள் வருகிறது.

வாரிசுக்குக் கொடுப்பது புது உரிமமா, பழையதன் தொடர்ச்சியா? கிளார்க் வனத்துறையைக் கேட்கச் சொன்னார், வனத்துறையில் கலெக்டர் ஆபீஸ் எழுத்துமூலம் கேட்கட்டும் என்றார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். பதில் வந்தது: "கோப்பு பரிசீலனையில் உள்ளது."

சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போலீஸ் 30 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளில் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். அறிக்கை வந்தால்தானே அந்த அறுபது ஆரம்பிக்கும்? ஏட்டையா எழுதியது இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி., எஸ்.பி. என்று படியேறிக்கொண்டிருக்கிறது. கெடுவுக்குள் வராவிட்டால் அறிக்கைக்குக் காத்திராமலே முடிவெடுக்கலாம் என்று 13-வது பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் யார் நுழைவார்கள்? நாளைக்கு இந்தத் துப்பாக்கியால் ஏதாவது நடந்தால் கையெழுத்துப் போட்டவரைக் கேட்பார்கள். போடாமல் வைத்திருந்தவரை எந்த விசாரணைக் கமிஷனும் கூப்பிடாது. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் கோப்பை அடியில்தான் வைப்பேன்.

மறுத்தாலாவது தேவலை. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், நான் மேல்முறையீடு போகலாம். பரிசீலனைமீது மேல்முறையீடு ஏது?

2025 ஜனவரி 20, திங்கள்

காட்டுப்பன்றிக்கு அரசு வழி சொல்லியிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையே சுடும். கேரளாவில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு கொடுத்தால் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரே சுடலாம். இங்கே அது கிடையாது. எனக்குச் சுட வேண்டாம், வெடித்தால் போதும்.

மார்ச் 11, செவ்வாய்

கடிதம் வந்தேவிட்டது. மருத்துவச் சான்றும் போலீஸ் அறிக்கையும் பழசாகிவிட்டனவாம், இரண்டையும் புதிதாக வாங்க வேண்டுமாம். நியாயம்தான், ஒரு வருடத்தில் மனுஷன் மாறியிருக்கலாம். அந்த ஏட்டையா மாற்றலாகிப் போய்விட்டார். பங்காளியோடு போன மாதம் வாய்க்கால் தண்ணீர் விஷயமாக மறுபடி பேச்சு முறிந்திருக்கிறது. புது ஏட்டு அடுத்த வாரம் வருகிறாராம். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டிருக்கிறேன்.