மிரட்டல்களுக்குப் பிறகு கணக்குகளையும் கைபேசியையும் பாதுகாத்த அனுபவம்

காவலில் சித்திரவதைக்கு உள்ளானவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் சிறு குழு ஒன்றில் பணியாற்றுகிறேன். இணையத்தில் வசைகள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு கட்டத்தில் வசைகளோடு என் வீட்டு வாசலின் படமும், அடுத்ததாக ஒரு வழக்கறிஞரின் பெயரில் "அவசரமாகக் கையொப்பமிடவும்" என்ற மின்னஞ்சலும் வந்தபோது, இதை முறையாகக் கையாள வேண்டும் என்று குழுவாக முடிவு செய்தோம். அந்த வேலை எப்படி நடந்தது என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வேலை சேமிப்பு. மிரட்டும் கணக்கை உடனே முடக்கவும் புகாரளிக்கவும் கை துடிக்கும். ஆனால் தளம் அந்தப் பதிவை நீக்கிவிட்டால் பிறகு நம் கையிலும் எதுவும் இருக்காது. எனவே ஒவ்வொரு செய்திக்கும் ஸ்கிரீன்ஷாட், பதிவின் முழு இணைய முகவரி, வந்த தேதி, நேரம், அனுப்பிய கணக்கின் பக்க முகவரி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் சேர்த்தோம். திரையில் தெரியும் பெயரை எவரும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதை மட்டும் குறித்து வைத்துப் பயனில்லை. மின்னஞ்சலைப் பொறுத்தவரை அதன் முழுத் தலைப்புத் தகவலோடு, அதாவது அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்று காட்டும் மறைவான வரிகளோடு, மூலக் கோப்பாகவே சேமிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை வைத்து அது எந்த வழியாக வந்தது என்று ஆராய முடியாது.

அடுத்து, டிஜிட்டல் உரிமைகளுக்காக இயங்கும் ஆக்சஸ் நவ் அமைப்பின் டிஜிட்டல் பாதுகாப்பு உதவிமையத்தை நாடினோம். குடிமைச் சமூகத்தினருக்காக 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்கும் சேவை அது. சந்தேகத்துக்கு உள்ளான கைபேசியிலிருந்து எழுதாமல், வேறொருவரின் கணினியிலிருந்து தொடர்புகொண்டோம். எந்தச் செயலியை நிறுவ வேண்டும் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்திருந்தேன். அவர்களோ, எங்களிடம் என்ன தகவல் இருக்கிறது, அது யாருக்குத் தேவைப்படும், அவர்கள் கைக்குப் போனால் யாருக்கு என்ன நேரும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதி முடித்தபோது அட்டவணையின் முதல் வரிசையில் என் பெயரே இல்லை. என் கைபேசியின் தொடர்புப் பட்டியலில் முழுப் பெயரோடு இருந்த சாட்சிகளும், படத் தொகுப்பில் இருந்த அவர்களின் காயங்களின் படங்களுமே அங்கு இருந்தன. அதன் பிறகு எடுத்த எல்லா முடிவுகளும் அந்த வரிசையை ஒட்டியே அமைந்தன.

மின்னஞ்சலில் இருந்து தொடங்கினோம், ஏனெனில் மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மீட்டெடுக்க முடியும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒருவர் ஏற்கெனவே உள்ளே நுழைந்து, வரும் அஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் விதி ஒன்றை அமைத்திருந்தால், கடவுச்சொல் மாறிய பிறகும் அந்த விதி இயங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே திருப்பிவிடும் விதிகள், வடிகட்டிகள், உள்நுழைந்துள்ள சாதனங்கள், அனுமதி பெற்ற பிற செயலிகள், மீட்பு எண், மீட்பு முகவரி ஆகிய அனைத்தையும் பார்த்த பின்னரே, சந்தேகமில்லாத சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றினோம்.

இருபடிச் சரிபார்ப்புக்கு அதுவரை குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியையே நம்பியிருந்தோம். நம் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் அந்த ஓடிபி அவருக்குப் போகும். செயலியில் உருவாகும் எண் அதைவிட மேலானது. எனினும் போலிப் பக்கத்தில் நாமே அதைத் தட்டச்சு செய்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. உண்மையான தளத்தின் முகவரியை இணைய உலாவியின் மூலம் சரிபார்த்த பிறகே பதிலளிக்கும் பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவியை, அச்சு அசலாகத் தோன்றும் போலிப் பக்கத்தாலும் ஏமாற்ற முடியாது. குறிவைக்கப்படும் ஆபத்தில் இருப்பவர்களுக்காகக் கூகுள் 2017-இல் தொடங்கிய மேம்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் அந்தச் சாவிகளோடு சேர்ந்தோம். ஆளுக்கு இரண்டு சாவிகள் வாங்கி, இரண்டாவதை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறோம். ஒன்றே ஒன்று வைத்திருந்து அது தொலைந்தால் நம் கணக்குக்குள் நாமே நுழைய முடியாமல் போய்விடும்.

கைபேசி பற்றிய அச்சம்தான் எங்களை அதிகம் வாட்டியது. ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூர், 2016-இல் தமக்கு வந்த குறுஞ்செய்தியின் இணைப்பைத் தொடாமல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பியதால்தான், பெகாசஸ் உளவு மென்பொருள் ஐபோனுக்குள் நுழையப் பயன்படுத்திய ஓட்டைகள் வெளியே தெரிந்தன. ஆனால் 2019-இல் அதே பெகாசஸால் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகச் சுமார் 1,400 சாதனங்கள் குறிவைக்கப்பட்டபோது, அழைப்பை ஏற்காதவர்களின் கைபேசிக்கும் ஆபத்து இருந்தது. எச்சரிக்கை மட்டுமே போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனவே ஐபோன் வைத்திருப்பவர்கள் 2022 முதல் கிடைக்கும் லாக்டவுன் முறையை இயக்கினோம், தாக்குதலுக்கு வழிவிடக்கூடிய வசதிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அது. செய்திகளோடு வரும் பெரும்பாலான இணைப்புக் கோப்புகள் அதில் தடுக்கப்படுகின்றன. சில இணையதளங்களும் சரியாகத் தெரிவதில்லை. எங்களுக்கு அது ஏற்கத்தக்க சங்கடமே.

சந்தேகத்தில் கைபேசியை முழுவதுமாக அழித்து மீளமைக்க வேண்டாம் என்று உதவிமையத்தினர் முன்கூட்டியே தடுத்தது நல்லதாயிற்று, தடயங்களும் அதோடு அழிந்துவிடும் அல்லவா? அம்னெஸ்டி அமைப்பின் பாதுகாப்பு ஆய்வகம் 2021-இல் வெளியிட்ட எம்விடி கருவி, கைபேசியின் காப்புப் பிரதியில் உளவு மென்பொருளின் தடயங்களைத் தேடுகிறது. எங்கள் காப்புப் பிரதிகளில் எதுவும் அகப்படவில்லை. அறியப்பட்ட தடயங்களையே அந்தக் கருவி தேடும் என்பதால், இந்த முடிவை நற்சான்றாகக் கொள்ளக் கூடாது என்றும் விளக்கினார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது குழுவுக்குள் உடன்பாட்டுக்கு வருவதுதான். சிக்னல் என்ற உரையாடல் செயலியில் செய்திகள் ஒரு வாரத்தில் தாமாக மறையட்டும் என்றபோது, "வாக்குமூலம் மறைந்தால் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவது?" என்று எங்கள் மூத்த வழக்கறிஞர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒருங்கிணைப்புப் பேச்சுகள் மறையட்டும், வாக்குமூலங்கள் உரையாடலில் வரவே கூடாது என்று பிரித்துக்கொண்டோம். வாக்குமூலங்கள், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த வட்டில், பெயருக்குப் பதிலாகக் குறியீடுகளோடு இருக்கின்றன. எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் வேறொருவரின் பொறுப்பில் தனியாக இருக்கிறது. அதே வழக்கறிஞரின் கைபேசி எண்ணை மாற்றவும் முடியவில்லை. நள்ளிரவில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் குடும்பத்தார் அழைப்பது அந்த எண்ணைத்தான். ஆகவே அந்த எண் மட்டும் ஒரு தனிக் கைபேசியில் இருக்கிறது. அதில் மின்னஞ்சலோ கோப்புகளோ குழு உரையாடலோ இல்லை.

வீட்டு முகவரி தெரியும் தேடல் முடிவுகளை நீக்கக் கோரியதும், குடும்பத்தாரின் பழைய படங்களை மறைத்ததும் அலுப்பூட்டும் வேலைகள். செய்து முடித்தோம், அவ்வளவுதான்.

மிரட்டல்கள் நிற்கவில்லை. அவை வரும் பெட்டியை இப்போது சக ஊழியர் ஒருவர் பார்க்கிறார். முகவரி, குடும்பத்தாரின் பெயர், குறிப்பிட்ட நாள் அல்லது இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அன்றே எனக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவிக்கிறார். மற்றவற்றை வார இறுதியில் பதிவேட்டில் சேர்க்கிறார். அவற்றை நான் படிப்பதில்லை.