பித்தளைத் தகட்டை வெடிக்காமல் கிண்ணமாக்க

பித்தளைத் தகடு தட்டத் தட்ட இறுகும். இறுகிய பிறகும் தட்டினால் விளிம்பு வெடிக்கும். கிண்ணமோ விளக்குத் தட்டோ, எந்த நேரத்தில் அடியை நிறுத்தித் தகட்டைச் சுட்டு இளக்க வேண்டும் என்று தெரிவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

முதலில் தகடு. செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு கலந்த பித்தளை வேண்டும். துப்பாக்கித் தோட்டாவின் கூடு செய்வதும் இதே கலவையில்தான், ஏனென்றால் குளிர்ந்த நிலையில் இதைப்போல ஆழமாக இழுபடும் பித்தளை வேறில்லை. 60:40 கலவையைப் பழுக்கக் காய்ச்சித்தான் வளைக்க முடியும். கடைசல் வேலைக்கான பித்தளைக் கம்பியில் காரீயம் கலந்திருக்கும், குளிர்ந்த நிலையில் அடித்தால் வெடித்துவிடும். வாகைகுளத்து வெண்கலத்தில் இருப்பது துத்தநாகம் அல்ல, வெள்ளீயம். அதன் பக்குவமே வேறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய பாத்திரத்தின் தகட்டை எடுத்தால் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கீற்று வெட்டிச் சுட்டு, ஆறியதும் இரண்டாக மடித்து நசுக்கிப் பாருங்கள். மடிப்பில் கீறல் விழாவிட்டால் அந்தத் தகடு வேலைக்கு ஆகும்.

வாய் 15 செ.மீ., ஆழம் 4 செ.மீ. கிண்ணத்துக்கு 19 செ.மீ. வட்டம் போதும். வாயையும் ஆழத்தையும் கூட்டினால் ஏறக்குறைய வட்டத்தின் அளவு வந்துவிடும். 20 கேஜ் தகடு, அதாவது 0.9 மி.மீ. கனம், கைக்கு இதமானது. வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி மழமழப்பாக்குங்கள். கத்தரி விட்ட சின்னப் பிசிறுதான் பிறகு வெடிப்பாக ஓடும்.

புளியமரக் கட்டையில் குழி தோண்டி, வட்டத்தை அதன்மேல் வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றுச் சுற்றாகத் தட்டுங்கள். விளிம்பில் அலை அலையாக மடிப்பு எழும்பும். அதை உடனுக்குடன் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டிப் படியவையுங்கள். மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால் மீட்க முடியாது, அந்த இடம் கட்டாயம் வெடிக்கும்.

இப்போது சத்தத்தைக் கவனியுங்கள். இளகிய தகடு 'தொப் தொப்' என்று அடியை வாங்கிக்கொள்ளும். இறுக இறுகச் சத்தம் கூர்மையாகி 'ணங்' என்று ஒலிக்கும், சுத்தியலும் துள்ளித் திரும்பும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு சுற்று என்ற ஆசையில்தான் பெரும்பாலான கிண்ணங்கள் பாழாகின்றன.

சுடுவதை நிழலில் செய்யுங்கள், அந்திக் கருக்கல் இன்னும் நல்லது. நம் ஊர் வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்கே தெரியாது. சிவந்துவிட்டது என்று நீங்கள் உணரும்போது சூடு தேவைக்கு வெகு மேலே போயிருக்கும். மங்கிய சிவப்பு, சுமார் 600 டிகிரி, தகடு முழுக்கச் சீராக வந்தால் போதும். அதைத் தாண்டினால் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்து, அடுத்த அடியில் மேற்பரப்பு புளியங்குடி எலுமிச்சைத் தோல்போலச் சொரசொரக்கும், மெருகிட்டாலும் போகாது. வெள்ளைப் புகை எழுந்தால் துத்தநாகம் ஆவியாகிறது என்று அர்த்தம். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் வரும். பித்தளை இரும்பைப்போல அல்ல, தண்ணீரில் அமிழ்த்தினாலும் இறுகாது. ஆறியதும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கருப்பைப் போக்கிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்குங்கள்.

வடிவம் வந்த பிறகும் ஓர் ஆபத்து பாக்கி இருக்கிறது. அடித்த அடியின் இறுக்கம் உள்ளேயே தங்கியிருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களின் அருகே வைத்திருந்த தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே வெடித்துக் கீறின. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல் தெளிவானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாட்டுத் தொழுவத்திலோ யூரியா மூட்டைக்குப் பக்கத்திலோ பித்தளையைப் போட்டுவைத்தால் நமக்கும் இதே கதிதான். கடைசி அடி முடிந்ததும் 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். உறுதி குறையாமல் உள்ளிறுக்கம் மட்டும் தளரும். சமையலுக்கு வெள்ளீயம் பூசினால், பூசும்போது தூவும் நவச்சாரத்தின் மிச்சம் ஒட்டியிராதபடி வெந்நீரில் கழுவிவிடுங்கள், அதுவும் அம்மோனியா உப்புதான்.

வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். கீறல் இருந்தால் எண்ணெய் கசிந்து தூளில் மெல்லிய கோடு தெரியும். கோடு விளிம்பை ஒட்டி இருந்தால் அந்த அளவுக்கு வாயை வெட்டிக் குறைக்கலாம். உள்ளே ஓடியிருந்தால் கோட்டின் நுனியில் 2 மி.மீ. துளை போட்டால் அதற்குமேல் ஓடாது. அந்தக் கிண்ணம் பிறகு விளக்கின் அடித்தட்டாகத்தான் உதவும்.