தொடுகோட்டுக்கு ஆறு நிமிட வீடியோ

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், கிராஃபுக்கு இன்னொரு 8. கணக்கே வராது என்று ஒதுங்கும் பிள்ளைக்கும் இந்த 16 பெரிய பிடிமானம். ஆனால் கரும்பலகையில் மரக் காம்பஸைப் பிடித்து நான் தொடுகோடு வரையும்போது, பாதி வகுப்புக்குக் கை மறைந்துவிடும். அதற்காகத்தான் வீடியோ எடுக்கத் தொடங்கினேன். ஒரு ரூபாய் செலவில்லை.

ஸ்டாண்ட் வேண்டாம். மேசைமேல் ஸ்டூலைப் போட்டு, கேமரா மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டும்படி போனைப் படுக்க வைத்து, மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக வையுங்கள். ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் கையின் நிழல் கோட்டின்மேல் விழாது. ஃபேனை நிறுத்திவிடுங்கள், அந்த இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும்.

3 செ.மீ ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ தள்ளி ஒரு புள்ளி, இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். அடுத்த வட்டத்தில்தான் சறுக்கல். காம்பஸை மாற்றாமல் பழைய அளவிலேயே சுற்றிவிடுவார்கள். அதனால் முள்ளை நடுப்புள்ளியில் குத்தி, பென்சில் முனையை முதல் வட்டத்தின் மையம்வரை விரிப்பதை மட்டும் இரண்டு முறை மெதுவாகக் காட்டினேன். வகுப்பில் போட்டபோது, "மிஸ், அங்கேயே நிறுத்துங்க" என்று ஒரு மாணவி சொல்லி, திரையைப் பார்த்துத் தன் காம்பஸைச் சரிசெய்தாள். அவள் வரைந்த தொடுகோட்டை அளந்தால் 7.4 செ.மீ வந்தது. கரும்பலகையில் அப்படி நிறுத்திப் பார்க்க முடியாது.

கிராஃபுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட ஆப் போதும். இருபடிச் சமன்பாட்டின் மாறிலியைக் கூட்டக் கூட்ட, அதன் வளைகோடான பரவளையம் மேலே ஏறும். எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டியது ஒரே இடத்தில் தொடும், அப்புறம் தொடாமல் விலகிவிடும். மூலங்களின் தன்மை முழுக்க அந்த ஒரு அசைவில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஸ்கிரீன் ரெக்கார்டர் போனிலேயே உண்டு. பதிவதற்கு முன் ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் வரும் மெசேஜும் பதிவாகிவிடும்.

கம்ப்யூட்டரில் பதிவதென்றால் ஒரு எச்சரிக்கை. 40 நிமிடப் பாடம் ஒன்றை எம்பி4 வடிவில் பதிந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஃபைல் திறக்கவே இல்லை, அன்று அழுகையே வந்துவிட்டது. இப்போது ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற திரைப்பதிவு மென்பொருளில் எம்கேவி வடிவில் பதிகிறேன். நடுவில் நின்றாலும் அதுவரை பதிந்தது தப்பும்; ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் வழியாகப் பிறகு எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். 40 நிமிடப் பாடம் எடுப்பதையும் விட்டுவிட்டேன். ஒரு வீடியோவுக்கு ஒரு சிக்கல், ஆறு நிமிடம், சரி.

வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, மெல்லிய பென்சில் கோடு மங்கிவிடும்.

இந்த வருஷம் பிள்ளைகளையே எடுக்கச் சொன்னேன்: இரண்டு நிமிடம், கை மட்டும், முகம் வேண்டாம். ஒருவன் அழகாக வரைந்துகொண்டே வந்து, "இங்க ஏன் நடுப்புள்ளி எடுக்கிறோம்னா..." என்று தொடங்கி, அப்படியே நின்றுவிட்டான். அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 பாகை என்பதோடு இந்த வரைதலை நான் இணைத்துக் காட்டவே இல்லை. அடுத்த வீடியோ அதற்குத்தான்.