எந்த ஊரைக் கேக்குற?

போன வாரம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது கூட வேலை பார்க்கும் நண்பன் "உங்க ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்க?" என்றான். சும்மா கேட்டதுதான், எனக்குத்தான் பதில் வரவில்லை. இரவு அப்பாவுக்கு போன் போட்டேன். "எந்த ஊரைக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். நாங்கள் இருப்பது பெரம்பலூர் மாவட்டம், குன்னம் வட்டம். நாங்கள் 'ஊர்' என்று சொல்வது ஏரிக்கரையையும் கோயிலையும் ஒட்டிய ஏழெட்டுத் தெருக்களை. அந்தச் சொல்லுக்குள் காலனி வராது, ஏன் வராது என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. (காலனி என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்போவதாக 2025-இல் முதல்வர் அறிவித்தார். வாயிலிருந்து எப்போது நீங்குமோ.) ஊராட்சி என்று எடுத்தால் காலனியும் சேரும், மேற்கே இருக்கிற இரண்டு குக்கிராமங்களும் சேரும். கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) கையில் இருக்கும் வருவாய் கிராமம் இன்னொரு கணக்கு, அதன் எல்லை ஊராட்சி எல்லையோடு ஒத்துப்போவதில்லை. ஆக மூன்று ஊர், மூன்று எண்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடப்பது வருவாய் கிராமத்தை வைத்து, தெருவிளக்கும் குடிநீரும் ஊராட்சிப் பொறுப்பு. பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்று என்றால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாசில்தார் என்று ஒரு வரிசை. மோட்டார் எரிந்துபோனால் ஊராட்சி செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) என்று இன்னொரு வரிசை. வட்டத்துக்குப் பெயர் குன்னம், ஒன்றியத்துக்குப் பெயர் வேப்பூர், அதனால் எந்த மனுவுக்கு எந்தப் பஸ் ஏறுவது என்பதே தனிப் படிப்பு. போதாதென்று, பெரம்பலூர் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தும் குன்னத்துக்காரர்கள் ஓட்டுப் போடுவது சிதம்பரத்துக்கு!

மாவட்டமே சின்னதுதான். 1995-இல் திருச்சியிலிருந்து பிரித்தார்கள், 2007-இல் அரியலூர் தனியாகப் போனது. 2011 கணக்குப்படி 5,65,223 பேர், அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே ஆள் குறைந்த மாவட்டம். நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் கிராமத்து ஆட்கள், 121 ஊராட்சிகள், ஒரே ஒரு நகராட்சி, ரயில் பாதையே கிடையாது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுவோம், மழை ஏமாற்றினால் வெளியூர் கிளம்புவோம். அதே கணக்கில் ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள் என்று வந்தபோது பெருமையாகப் பேசினார்கள். லப்பைக்குடிக்காடு பக்கம் எத்தனை வீட்டு ஆம்பளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள் என்று தெரிந்தவனுக்கு அதில் பாதிப் பெருமைதான் மிஞ்சும். இது என் ஊகம்தான்.

சரி, இந்த எண்ணுக்கு இவ்வளவு அலட்டல் எதற்கு? பணம் தலையை எண்ணித்தான் வருகிறது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு 2027-க்குத் தள்ளிப் போய்விட்டது. பதினைந்தாவது நிதி ஆணையம்கூட 2011 தலைகளை வைத்துத்தான் பங்கு பிரித்தது. அந்தக் கணக்கில் இருக்கிற என் தாத்தா இப்போது இல்லை. அப்போது பிறக்காத என் தங்கை மகள் நான்காம் வகுப்புக்குப் போகிறாள், இதுவரை எந்தக் கணக்கெடுப்பிலும் அவள் இல்லை.

கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போனது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்ததும் ஊராட்சிகள் தனி அலுவலர் என்ற பெயரில் பிடிஓ கைக்குப் போயின. எங்கள் மாவட்டத்தில் ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பது ஊராட்சி. அத்தனைக்கும் ஒரு பிடிஓ எப்படி வந்து பார்ப்பார்? அவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. தலைவர் மோசமானவராகவே இருந்தாலும் வீடு தெரியும், ராத்திரி போய்க் கதவைத் தட்டலாம். "டேங்க்ல தண்ணி ஏறல" என்று பிடிஓ வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? எங்கள் தெருவில் மோட்டார் பழுதானபோது பதினோரு நாள் ஆனது. முதல் நான்கு நாள் விஏஓவிடம் சொல்லிக்கொண்டிருந்தோம், அது அவர் வேலையே இல்லை என்பது தெரியாமல்.

அப்புறம் நண்பனுக்கு மூன்று எண்ணையும் அனுப்பினேன். "பெரிய நம்பரையே வெச்சுக்கிறேன்டா" என்று பதில் போட்டான்.