ஒரு கிளிக்குக்கு ஆகக் குறைஞ்சது எவ்வளவு?

சீசன் கிட்ட வரேக்க, திருகோணமலையில உப்புவெளி நிலாவெளிப் பக்கம் ரூம் வச்சிருக்கிற ஆக்கள், புறாத்தீவுக்கு போட் ஓடுற பெடியள் எல்லாரும் என்னட்டக் கேக்கிற கேள்வி ஒண்டுதான், கூகிள்ல விளம்பரம் போட்டா ஒரு கிளிக்குக்கு ஆகக் குறைஞ்ச விலை எவ்வளவு தம்பி? ஒரு இலக்கம் வரும் எண்டு பாத்துக்கொண்டு நிப்பினம். அப்பிடி ஒண்டு இல்லை அண்ணை எண்டா, இவன் மழுப்புறான் எண்ட மாதிரி ஒரு பார்வை. அதான் எழுதி வச்சிட்டா இனிக் கேக்கிறவைக்கு லிங்க்க அனுப்பிவிடலாம்.

முந்தி இலக்கம் இருந்ததுதான். 1998ல பில் குரொஸ் எண்டவர் கோடூ டொட் கொம் எண்டு ஒரு தேடல் தளம் தொடங்கினார், ஒரு கிளிக்குக்கு ஆர் கூட விலை கேக்கிறாரோ அவற்ற லிங்க் மேல வரும், ஒரு அமெரிக்கச் சதத்தில இருந்தே கேக்கலாம், ஆர் எவ்வளவு குடுக்கினம் எண்டதும் பக்கத்திலயே போட்டிருக்கும். அது 2001ல ஓவர்ச்சர் எண்டு பேர் மாறி 2003ல யாகூட்டப் போச்சு. கோடூல நம்மட கடற்கரை மீன் ஏலம் மாதிரித்தான், கேட்ட விலையக் கட்டோணும். நீங்க 60 சதம் கேட்டு அடுத்தாள் 10 சதம்தான் கேட்டிருந்தாலும் உங்கட 60 போனது போனதுதான், அதால எல்லாரும் விலையக் குறைக்கிறதும் ஏத்திறதுமா அதோடயே கிடந்தாங்கள். 2002 பெப்ரவரில கூகிள் கிளிக்குக்குக் காசு எண்ட முறைக்கு வரேக்க இத மாத்திச்சு, கீழ நிக்கிறவர முந்த எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எடுக்கும். ஆகக் குறைஞ்சது 5 சதம் எண்டு அப்ப ஒரு கோடும் இருந்தது.

அந்தக் கோடு 2005 ஓகஸ்டில ஆளுக்காள் வேறயாப் போச்சு. உங்கட விளம்பரம் நல்லா இருந்தா ஒரு சதத்துக்கும் கிடைக்கும், மோசமா இருந்தா அதே தேடல் சொல்லுக்குக் கன மடங்கு. அடுத்த வருசம் ஆள் கிளிக் பண்ணிப் போய் இறங்கிற பக்கத்தையும் கணக்கில எடுக்கத் தொடங்க, சில பேருக்கு ஒரு கிளிக் 5 டொலர் 10 டொலர் எண்டு காட்டி ஆக்கள் தலையில கைய வச்சிட்டாங்கள். 2008ல இப்பிடி இலக்கம் காட்டுற முறையவே தூக்கிட்டாங்கள்.

இப்ப நடக்கிறது என்னெண்டா, ஒவ்வொரு தேடலுக்கும் தனி ஏலம். நீங்க கேட்ட விலையோட, விளம்பரத்தின்ர தரம் எண்டு கூகிள் போடுற புள்ளியையும் சேத்துப் பாத்துத்தான் இடம் குடுக்கும். உண்மையான கணக்கு இத விடச் சிக்கல், ஆனா விளங்கிறதுக்கு இப்பிடிப் பெருக்கிப் பாருங்கோ. உங்களுக்குக் கீழ நிக்கிறவர் 40 சதம் கேக்கிறார், அவற்ற தரம் 4, ரெண்டையும் பெருக்க 160. உங்கட தரம் 8 எண்டா 160ஐ எட்டால பிரிக்க 20, மேல ஒரு சதம் போட்டு 21 சதம்தான் போகும், நீங்க 50 கேட்டிருந்தாலும் சரி. தரம் 3 எண்டு வையுங்கோ, 50ஐ மூண்டால பெருக்கினா 150, அவருக்குக் கீழதான் நிப்பீங்கள். அவர் கேட்டது உங்கள விட 10 சதம் குறைய!

அப்ப போட்டிக்கு ஒருத்தரும் இல்லாட்டி? சும்மா கிடைக்கும் எண்டு நினைக்கிறாங்கள். இல்லை. கூகிள் ஒரு அடிமட்டம் வச்சிருக்கு, அதத் தாண்டாட்டி தனிய நிண்டாலும் விளம்பரமே காட்டாது, தாண்டினா அந்த அடிமட்டம்தான் உங்கட விலை. நம்மட ஆக்கள் தேடுற அந்த ஆகக் குறைஞ்ச விலை உண்மையில இதுதான், ஆனா அது நிலையா நிக்கிற சாமான் இல்லை, விளம்பரத்தின்ர தரம், தேடல் பக்கத்தில மேலயா கீழயா, தேடுறவர் எந்த நாட்டில எந்தப் போன்ல இருக்கிறார், என்னத்தத் தேடுறார் எண்டு எல்லாத்தோடயும் மாறும். அதால கொழும்பில இருந்து தேடுறவருக்கும் ஜெர்மனில இருந்து தேடுறவருக்கும் ஒரே விலை எண்டு எதிர்பாக்கேலாது.

இன்னொண்டு, போட்டியே இல்லாத சொல்லாப் பாத்து எடுப்பம் எண்டு கன்னியா வெந்நீரூற்றுக்குக் கிட்ட மலிவான ரூம் எண்டு இவ்வளவு நீளத்துக்குக் குடுத்தா, தேடல் குறைவு எண்டு போட்டு அந்தச் சொல்லையே நித்திரையாக்கி வச்சிடும். மலிவும் இல்லை கிளிக்கும் இல்லை.

என்னக் கேட்டா விலையக் குறைக்க முதல், உங்கட வெப் பக்கத்தத் திருத்துங்கோ. போன்ல திறக்கவே அரை நிமிசம் எடுக்குது, விலை போடேல்ல, படம் எல்லாம் பழசு, பிறகு கூகிள் காசு திண்ணுது எண்டு கத்துறது. 21 சதம் மலிவாத் தெரியும், ஆனா அம்பது பேர் வந்து ஒருத்தர்தான் ரூம் போட்டா அந்த ஒரு ரூமுக்கு பத்தரை டொலர் போச்சு. அதே காசுக்கு ரெண்டு பேர் போட்டா பாதி. கிளிக் விலைய மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவை இந்தக் கணக்கப் பாக்கிறேல்ல.

இலக்கம் வேணும் எண்டே நிண்டா, கூகிள் விளம்பரக் கணக்குக்குள்ள கீவேர்ட் பிளானர் எண்டு ஒண்டு இருக்கு, சொல்லக் குடுத்தா பக்கத்தின்ர மேல வர ஆக்கள் குடுத்த விலை கீழ்ப்பக்கம் இவ்வளவு மேல்பக்கம் இவ்வளவு எண்டு காட்டும். நாட்ட மாத்தி மாத்திப் பாருங்கோ, இலங்கை எண்டு மட்டும் விட்டா வெளிநாட்டுக்காரற்ற விலை தெரியாது. பிறகு ஒரு கிளிக்குக்கு இதுக்கு மேல போகாத எண்டு உச்ச விலையும் போட்டுவிடுங்கோ, அந்தப் பெட்டிய வெறுமையா விடாதேங்கோ.