பெட்டியில் 1000 வாட்ஸ், மின் அளவியில் 108

வீட்டுக்குள் வளர்க்கும் லெட்டூஸுக்காக இரண்டு எல்இடி விளக்குகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று பழைய ஊதா விளக்கு, பெட்டியில் 1000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. பிளக்குக்கு இடையில் மின் அளவியைச் செருகிப் பார்த்தால் 108 வாட்ஸ்தான் இழுக்கிறது. உள்ளே 10 வாட்ஸ் தாங்கும் எல்இடி 100 இருப்பதால், பெருக்கி எழுதிவிட்டார்கள். அந்த அளவு மின்சாரத்தை யாரும் அவற்றுக்குக் கொடுப்பதில்லை. மற்றது வெள்ளைப் பலகை விளக்கு. 65 என்று எழுதியிருக்கிறது, 66 இழுக்கிறது. இது நாணயமான ஆள்.

ஆனால் வாட்ஸ் என்பது செலவுக் கணக்கு மட்டும்தான். செடிக்குப் போவது ஒளித்துகள்கள், அதிலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலானவை. அவற்றை எண்ணும் அலகு மைக்ரோமோல். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் வெளியே வருகிறது என்பதே திறன். வெள்ளைப் பலகையின் விவரத்தாளில் 2.7 என்று இருந்தது. அது எல்இடிக்கு மட்டும் சொன்ன எண்ணாக இருந்தால், டிரைவரில் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி) பத்து சதவீதம் போனது போக 2.4 என்று வைத்துக்கொள்ளலாம். 66 வாட்ஸுக்கு நொடிக்கு சுமார் 158 மைக்ரோமோல். ஊதாவுக்கு விவரத்தாளே கிடையாது. அந்தக் காலத்து மலிவு விளக்குகளுக்கு 1.2 என்று போட்டாலும் 130தான் வருகிறது. அதிகம் இழுத்து, குறைவாகக் கொடுக்கிறது, மிச்சமெல்லாம் சூடு.

இரண்டையும் போனின் லக்ஸ் செயலியில் வைத்து ஒப்பிடவில்லை. லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. பச்சைக்கு அருகே 555 நானோமீட்டரில்தான் அதற்கு உச்சம். ஊதா வெளிச்சத்தை அது ரொம்பக் குறைத்துக் காட்டும். வெள்ளைக்கு மட்டும் லக்ஸை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் ஓரளவு சரியாக வருகிறது.

அப்படிப் பார்த்தபோது, 30 சென்டிமீட்டர் கீழே 24,500 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு நொடிக்கு 350 மைக்ரோமோல். தினம் 16 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளுக்கு 20 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). லெட்டூஸுக்கு 12 முதல் 17 வரை போதும். அதற்கு மேல் போய், காற்றோட்டமும் குறைந்தால், இளம் இலைகளின் நுனி கருகும். வேகமாக வளரும் இலைக்குக் கால்சியம் போய்ச் சேர்வதில்லை. என் செடிகளிலும் அது தலைகாட்டியது.

சரி, விளக்கை உயர்த்தவா, மங்கலாக்கவா? உயர்த்தினால் வெளிச்சம் பக்கச் சுவர்களுக்குச் சிதறும், மின்செலவு அப்படியே இருக்கும். மங்கலாக்கினேன். 35 வாட்ஸில் 14,000 லக்ஸ், அதாவது 200 மைக்ரோமோல். மின்சாரம் 53 சதவீதத்துக்கு இறங்க, வெளிச்சம் 57 சதவீதத்தில் நின்றது. எல்இடியை மெல்ல ஓட்டினால் திறன் கொஞ்சம் கூடும் என்பது தெரிந்ததுதான். அளவியில் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. ஒரு நாளுக்கு 11.5 மோல் கிடைக்கிறது, செலவு 0.56 யூனிட். ஊதாவுக்கு அதே 16 மணி நேரத்தில் 1.73 யூனிட் போகும்.

நுனி கருகுவது புது இலைகளில் நின்றுவிட்டது. சின்ன மின்விசிறி ஒன்றும் வைத்திருக்கிறேன், அதனால் முழுப் பெருமையும் விளக்குக்குப் போகாது. ஊதாவில் வளர்ந்த செடியும் மோசமில்லை, ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை பழுத்திருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. தட்டின் ஓரங்களில் வெளிச்சம் நடுவை விடக் குறைவு. அதற்குத் தொட்டிகளை இடம் மாற்றி வைத்து வருகிறேன்.